நிற்காத பைக்கும் நின்று எழும் பைக்கும்

கேடிஎம் நிறுவனத்தின் 450 எஸ்எக்ஸ்-எஃப், 300 இஎக்ஸ்சி ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே மாதிரி உயரமான ஒடுங்கிய சீட், முன்னால் 21 அங்குல ஒல்லி வீல், பட்டன் டயர், டயருக்கு வெகு மேலே தூக்கி வைத்த மட்கார்டு. எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்ரோல் ஊற்றாமல் நிறுத்தினால் இரண்டுமே 100 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒன்றில் ஹெட்லைட் இருக்கிறது; மற்றதில் அந்த இடத்தில் ஓட்டுநரின் எண் எழுதிய பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு என்று நம்பி, ஒன்றின் பந்தயத்துக்கு மற்றதை எடுத்துப் போனவர் பத்து நிமிடத்தில் திணறிப்போவார்.

450 எஸ்எக்ஸ்-எஃப் மோட்டோகிராஸ் பைக். மண்ணைக் குவித்துக் கட்டிய மேடுகளும் தாவல்களும் வளைவுகளும் நிறைந்த மூடிய தடத்தில், 40 பேர் ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்னால் இருக்கும் இரும்புக் கேட் சாய்ந்த நொடியில் அத்தனை பேரும் பாய்வார்கள். உலக சாம்பியன்ஷிப்பான எம்எக்ஸ்ஜிபியில் ஒரு ரேஸ் என்பது 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும். 300 இஎக்ஸ்சியின் உலகம் ஹார்ட் எண்டுரோ. அதன் புகழ்பெற்ற களம் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில், ஐசனெர்ட்ஸ் என்ற ஊரை ஒட்டிய இரும்புச் சுரங்க மலை. 1995 முதல் அங்கே எர்ட்ஸ்பெர்க்ரோடியோ நடந்துவருகிறது. தகுதிச் சுற்றில் தேறிய 500 பேர் அணி அணியாகக் கிளம்புவார்கள். பாறைக் குவியல், வேர் பின்னிய காட்டுச் சரிவு, நேர்க்குத்தான மண் ஏற்றம் எல்லாவற்றையும் கடந்து நான்கு மணி நேரத்துக்குள் இறுதிக் கோட்டைத் தொட வேண்டும். சில ஆண்டுகளில் தொட்டவர்களின் எண்ணிக்கை பத்தைக்கூட எட்டுவதில்லை.

இரண்டையும் ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் குதிரைசக்தி, சிசி, விலை என்று அட்டவணை போட்டு முடிந்துவிடுகின்றன. அந்த அட்டவணையால் எதுவும் விளங்காது. என் பார்வையில் இவற்றைப் பிரிப்பது ஒரே கேள்விதான்: பந்தயத்தின் நடுவே பைக் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மோட்டோகிராஸில் நின்றால் அநேகமாக அந்த ரேஸ் போயிற்று. அதனால் அந்தப் பைக்கில் உள்ள ஒவ்வொரு பாகமும் நிற்காமல் ஓடுவதற்காகவே வடிவம் பெற்றது. ஹார்ட் எண்டுரோவிலோ நிற்பது நிச்சயம். ஜெயிப்பவரும் பல இடங்களில் நிற்பார், விழுவார், பைக்கைத் தூக்குவார். அங்கே பைக்கின் தரம் நின்ற இடத்திலிருந்து மறுபடி எப்படிப் புறப்படுகிறது என்பதில்தான் தெரியும்.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். 450-இன் எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக். சிலிண்டரின் விட்டம் 95 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 63.4 மில்லிமீட்டர். அகலமான சிலிண்டர், குறுகிய ஓட்டம். இந்த அமைப்பு இருந்தால்தான் பெரிய வால்வுகளை வைக்கலாம். நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேலும் பிஸ்டனை விரட்டலாம். நிறுவனம் சொல்லும் சக்தி 63 குதிரைசக்தி. நூறு கிலோ பைக்குக்கு இது மலைக்க வைக்கும் கணக்கு. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றின் எஞ்சினே இந்த அளவில்தான் இருக்கிறது. 300-இன் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக். விட்டமும் ஓட்டமும் சரிசமம், 72-க்கு 72. கொள்ளளவு 293 சிசி. உச்ச சக்தியில் இது 450-ஐ எட்டாது. எட்ட வேண்டிய தேவையும் இல்லை.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை பெட்ரோல் எரியும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். பைக் நடைவேகத்தில் ஒரு பாறையின் மேல் ஏறும்போது இதன் பொருள் தெரியவரும். எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றும் அந்தக் கணத்தில் 450-இல் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அழுத்த விகிதமும் அதிகம் என்பதால், பின்வீல் ஒரு கல்லில் முட்டிய மாத்திரத்தில் எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் 63 குதிரைகளும் ஒன்றாகக் கிளம்பி, வீல் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். 300-இல் வெடிப்புகள் நெருக்கமானவை, ஒவ்வொன்றும் மென்மையானவை. ஐடிலிங்குக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, கிளட்ச்சை ஒற்றை விரலால் விட்டுப் பிடித்தே மேலே கொண்டுபோய்விடலாம்.

ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கை ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். டூ-ஸ்ட்ரோக் என்றால் கீழே ஒன்றும் இருக்காது, பாதி வேகத்துக்கு மேல் திடீரென்று பிக்கப் பிடுங்கிக்கொண்டு போகும் என்பதுதான் நாம் அறிந்தது. பந்தயத்துக்கான 125 சிசி, 250 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்குகளும் அப்படித்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த 300 எப்படி இவ்வளவு அடக்கமானது? காரணங்கள் மூன்று. முதலாவது, எக்ஸாஸ்ட் வாயிலை எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பக் குறுக்கியும் விரித்தும் தரும் பவர் வால்வு. இரண்டாவது, பானை வயிறு போல் புடைத்த அந்த சைலன்ஸர் குழாய். எரிந்த வாயு வெளியேறும்போது எழும் அழுத்த அலை அந்தக் குழாயில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் நழுவப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளும். எஞ்சினின் எந்த வேகத்தில் அலை சரியாக வந்து சேர வேண்டும் என்பதைக் குழாயின் நீளமும் வடிவமுமே தீர்மானிக்கின்றன. எண்டுரோவுக்கு அது கீழ் வேகத்துக்குப் பொருந்தும்படி செதுக்கப்படுகிறது. மூன்றாவது, கனமான ஃப்ளைவீல். சுற்றிக்கொண்டிருக்கும் கனம் எளிதில் நிற்காது. கல்லில் முட்டினாலும் அந்தச் சுழற்சியே எஞ்சினை அடுத்த வெடிப்பு வரை தாங்கிக் கொண்டுபோகும். மோட்டோகிராஸில் இதற்கு நேர்மாறாக ஃப்ளைவீலை இலகுவாக வைப்பார்கள். கை திரும்பியவுடன் எஞ்சின் சீற வேண்டும். தாவலுக்கு முன் கிடைக்கும் சில மீட்டர் தூரத்தில் வேகம் ஏற வேண்டும்.

மோட்டோகிராஸ் களத்தை ஃபோர்-ஸ்ட்ரோக் கைப்பற்றியதில் மண்ணுக்கு மட்டுமல்ல, விதிப்புத்தகத்துக்கும் பங்கு உண்டு. 1990-களில் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்தின் விதிப்படி, 250 சிசி டூ-ஸ்ட்ரோக் ஓடும் பிரிவில் ஃபோர்-ஸ்ட்ரோக் 550 சிசி வரை இருக்கலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் கனம், மந்தம் என்று எல்லோரும் நினைத்திருந்ததால் அந்தச் சலுகையை யாரும் பொருட்படுத்தவில்லை. யமஹா பொருட்படுத்தியது. 1997-இல் லாஸ் வேகஸில் நடந்த சூப்பர்கிராஸ் (விளையாட்டரங்க மோட்டோகிராஸ்) பந்தயத்தில் டக் ஹென்றி யமஹாவின் சோதனை வண்டியான ஒய்இசட்எம்400எஃப்-ஐ ஓட்டி ஜெயித்தார். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த ஒய்இசட்400எஃப்-இல் தேசிய மோட்டோகிராஸ் பட்டத்தையும் வென்றார். 2002-இல் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர்-ஐக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் பெரிய பிரிவு முழுக்க ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனது. 2007-க்குப் பிறகு ஹோண்டா தன் டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்குகளையே நிறுத்திவிட்டது.

ஏறக்குறைய இரு மடங்கு சிசி கொடுத்து ஓடவிட்டால் எது ஜெயிக்கும் என்பதில் பெரிய புதிர் இல்லை. அதற்காக ஃபோர்-ஸ்ட்ரோக்கின் வெற்றியை வெறும் சலுகை என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. அதன் சக்தி நீண்டு பரந்தது. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்வீல் மண்ணைக் கவ்விக்கொண்டே தள்ளும், ஓட்டுநர் கியரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஹார்ட் எண்டுரோவைப் பாருங்கள். அங்கே வெற்றியாளரைத் தீர்மானிப்பதில் சிசி வாரியான பிரிவு இல்லை. யார் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். 2021-இல் உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்து பெற்றபோது முதல் பட்டம் வென்ற பில்லி போல்ட் ஓட்டியது ஹஸ்க்வர்னாவின் 300 டூ-ஸ்ட்ரோக். 2022, 2023, 2024 ஆண்டுகளில் பட்டம் வென்ற மானுவல் லெட்டன்பிஷ்லர் ஓட்டியது கேடிஎம் 300. விதி கையைக் கட்டாத இடத்தில் ஓட்டுநர்கள் தேடிப் பிடிப்பது இந்த எஞ்சினைத்தான். ஆய்வுக்கூட அளவீடுகளைவிட இந்தத் தேர்வையே நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வேன்.

டூ-ஸ்ட்ரோக்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடினால் 450-இன் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். 300-இல் அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. பிரேக்கை மட்டும் நம்பித்தான் இறங்க வேண்டும். புகை இன்னொரு குறை. எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி எக்ஸாஸ்ட் வழியாக நழுவுவது இந்த எஞ்சினின் பிறவிக் கோளாறு. சாலைப் பதிவு வேண்டிய எண்டுரோ பைக்கின் கழுத்தை ஐரோப்பாவின் புகை விதிகள் பிடித்தன. அதற்கு விடையாகத்தான் கேடிஎம் 2018 மாடலில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, சிலிண்டரின் பக்கவாட்டு வழிகளில் நேராகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் வேலை போய், ஆயிலுக்குத் தனி டேங்க் வந்தது. 2024-இல் அதையும் மாற்றி த்ராட்டில் பாடியில் தெளிக்கும் முறைக்குப் போனது. புகைக்காகச் செய்த மாற்றம் பந்தயத்துக்கும் உதவியது. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். கார்புரேட்டர் வண்டியில் ஜெட் மாற்றாவிட்டால் மலை உச்சியில் எஞ்சின் மூச்சுத் திணறும். இப்போது சென்சாரும் கணினியும் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

ஸ்டார்ட் செய்யும் விதத்தில் இரண்டு உலகங்களின் மனப்போக்கும் பளிச்சென்று தெரிகிறது. மோட்டோகிராஸ் நிறுவனங்கள் பல, நெடுங்காலம் செல்ஃப் ஸ்டார்ட்டைத் தேவையற்ற எடை என்று தள்ளிவைத்தன. யமஹா ஒய்இசட்450எஃப்-க்கு அது வந்தது 2018-இல்தான். தொடக்கத்தில் ஒரே முறை கிக்கரை உதைத்தால் போதும் என்ற கணக்கு. எண்டுரோவிலோ 300 டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 2000-களின் இறுதியிலேயே செல்ஃப் வந்துவிட்டது. செங்குத்தான சரிவில், ஒரு கால் பாறையிலும் மறு கால் அந்தரத்திலும் இருக்க, எந்தக் காலைத் தூக்கிக் கிக்கரை உதைப்பது? பேட்டரியும் மோட்டாரும் கூட்டும் எடையை எண்டுரோ ஓட்டுநர்கள் மனமார ஏற்றுக்கொண்டார்கள்.

கியரிலும் இதே கதை. 450-க்கு ஐந்து கியர், நெருக்கமானவை. முதல் கியரைப் பலர் தொடுவதே இல்லை, கேட் விழும்போது இரண்டாவதில் கிளம்புவார்கள். அந்தப் புறப்பாட்டுக்கென்றே தனி உபகரணம் உண்டு: முன் ஃபோர்க்கை அமுக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டால் பைக்கின் முகம் தாழ்ந்து நிற்கும், முன்வீல் தூக்காது. முதல் பிரேக்கில் கொக்கி தானாக விடுபடும். முதல் வளைவுக்கு முதலில் போய்ச் சேர்பவருக்குத் தூசியில்லாத தடம் கிடைக்கும் என்பதால் அத்தனை மெனக்கெடல். 300-க்கு ஆறு கியர், விரிந்தவை. முதல் கியர் மனிதர் நடக்கும் வேகத்துக்கு. ஆறாவது, எண்டுரோ பந்தயங்களில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சாலை வழியே போவதற்கு.

முன்வீல் இரண்டிலும் 21 அங்குலம் என்றேன். பின்வீலில் ஓர் அங்குலம் பிரிகிறார்கள்: 450-க்கு 19, 300-க்கு 18. ரிம் சிறுத்தால் டயரின் பக்கச் சுவர் உயரும். அந்தக் கூடுதல் ரப்பர் பாறையின் விளிம்பில் மடங்கிச் சுற்றிப் பற்றும், ரிம் அடிபடாமலும் காக்கும். தாவி இறங்கும் பைக்குக்கு அந்த நெளிவு ஆகாது. வேகமான வளைவில் டயர் நெளிந்தால் ஓட்டுநருக்குக் கைப்பிடியில் நம்பிக்கை போய்விடும். எண்டுரோ டயருக்குள் டியூபுக்குப் பதிலாக மூஸ் எனப்படும் நுரை வளையத்தைத் திணிப்பதும் உண்டு. காற்றே இல்லை என்றால் பஞ்சரும் இல்லை.

சஸ்பென்ஷனில் இரண்டுக்கும் வீல் ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். இறுக்கம்தான் வேறு. பல மீட்டர் உயரத்திலிருந்து விழும் பைக்கின் ஃபோர்க் அடிவரை அமுங்கி மோதக்கூடாது, ஆகவே மோட்டோகிராஸில் எல்லாம் இறுக்கம். அதே இறுக்கத்தோடு வேர்களின் மேல் மெதுவாகப் போனால், வீல் ஒவ்வொரு வேரிலும் பந்து போல எம்பும். எம்பிய வீலுக்குப் பிடி கிடையாது. 300-இன் சஸ்பென்ஷன் மெத்தென்று அமுங்கி வீலைத் தரையோடு ஒட்ட வைக்கிறது. பின் ஷாக்கை ஸ்விங்ஆர்முடன் இணைக்கும் முறையிலும் கேடிஎம் ஒரு முடிவு எடுத்தது. 1998-இல் அது இடையில் லிங்கேஜ் எனும் இணைப்புக் கம்பிகள் இல்லாமல் ஷாக்கை நேராகப் பொருத்தும் பிடிஎஸ் முறையைக் கொண்டுவந்தது. தாவலின் பளுவைத் தாங்க லிங்கேஜே மேல் என்று கண்டு 2011 மாடல்களிலிருந்து மோட்டோகிராஸ் வரிசையை மாற்றத் தொடங்கியது. எண்டுரோ வரிசையில் பிடிஎஸ் நீடித்தது. வண்டிக்கு அடியில் தொங்கும் லிங்கேஜ், மரக்கட்டையைத் தாண்டும்போது மாட்டிக்கொள்ளும் கொக்கி ஆகிவிடும் என்பது அதன் வாதம். ஹஸ்க்வர்னா, ஷெர்கோ போன்ற நிறுவனங்கள் எண்டுரோவிலும் லிங்கேஜோடு வந்து பந்தயம் வென்றிருக்கின்றன என்பதால் இதை முடிந்த வழக்காக நான் கருதவில்லை.

சின்னச் சின்னப் பொருள்களைக் கவனிப்பவருக்கு இன்னும் கிடைக்கும். ஹார்ட் எண்டுரோ பைக்கின் முன் ஃபோர்க்குக்கு நடுவிலும் பின் மட்கார்டுக்கு அடியிலும் தடித்த துணிப் பட்டை கட்டியிருப்பார்கள். பிடித்து இழுப்பதற்கு! நகராமல் நிற்கும்போது எஞ்சின் கொதிக்காமல் இருக்க ரேடியேட்டருக்கு மின்விசிறி. எஞ்சினுக்கு அடியில் கவசத் தகடு, கைப்பிடிக்கு முன்னால் வளைந்த காப்பு. டேங்க்கில் ஒன்பது லிட்டர் அளவு பெட்ரோல். 450-க்கு ஏழு லிட்டரே ஏராளம். மோட்டோகிராஸ் பைக்குக்கு ரேடியேட்டர் விசிறி கிடையாது, ஓடும் வேகத்தில் வரும் காற்றே போதும். சைடு ஸ்டாண்டு கூடக் கிடையாது. நிறுத்துவதைப் பற்றி அது யோசிக்கவே இல்லை.

2015 எர்ட்ஸ்பெர்க்ரோடியோவில் 'டவுன்டவுன்' என்று பெயரிட்ட காட்டு ஏற்றம் ஒன்று இருந்தது. முன்னணியில் வந்த ஜானி வாக்கர், கிரகாம் ஜார்விஸ், ஆல்ஃபிரெடோ கோமஸ், ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிஷ்லர் நால்வரும் அங்கே வந்து முடங்கினார்கள். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களாலும் அந்த மண் சரிவில் பைக்கைத் தனியாக ஏற்ற முடியவில்லை. ஒருவர் பைக்கை மற்றவர்கள் பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொன்றாக மேலே சேர்த்தார்கள். பிறகு நால்வரும் ஒன்றாகவே போய் இறுதிக் கோட்டைக் கடந்தார்கள். நால்வரும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டைகளுக்கும் அந்த 100 கிலோவுக்கும் அந்த செல்ஃப் பொத்தானுக்கும் அன்று இருந்த மதிப்பை எந்தக் குதிரைசக்திக் கணக்கும் சொல்லாது.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சான்று அருகிலேயே இருக்கிறது. டிவிஎஸ் நிறுவனம் 2015-இல் பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவோடு கைகோத்து டக்கார் பாலைவன ராலியில் இறங்கியது. 2024-இல் கேரளத்தின் ஹரித் நோவா அந்த அணிக்காக ஓடி ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடம் பிடித்து, ராலி 2 பிரிவை வென்றார். அவர் ஓட்டியது 450 ஃபோர்-ஸ்ட்ரோக். பாலைவனத்தில் நாள் முழுக்க ஒரே சீராக வேகம் பிடித்துப் போக அதுவே வேண்டும்; டக்காரின் விதியும் 450 சிசியில் கோடு போட்டிருக்கிறது. அதே ஷெர்கோ, ஹார்ட் எண்டுரோவின் பாறைகளுக்குத் தன் ஓட்டுநர்களை அனுப்பும்போது கொடுப்பது 300 டூ-ஸ்ட்ரோக். ஒரே தொழிற்சாலை, இரண்டு தரை, இரண்டு எஞ்சின்.

இரண்டில் எது பெரிய பொறியியல் சாதனை என்று கேட்டால் தயங்காமல் 300 என்பேன். வேகத்துக்காக ஒரு வண்டியைக் கூர்மையாக்குவது கடினம்தான், ஆனால் அங்கே இலக்கு ஒன்று. 300-இன் முன்னால் இருக்கும் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன: பலம் வேண்டும், பாயக்கூடாது, மென்மை வேண்டும், நொறுங்கக்கூடாது, சாலையில் போகச் சட்டம் அனுமதிக்க வேண்டும், தூக்கும் கைக்கும் தாங்க வேண்டும். பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, எஞ்சின் ஓடிய மணிநேரத்தில். அந்த நேரம் வந்ததும் 300-இல் சிலிண்டரைக் கழற்றி பிஸ்டன், ரிங், கேஸ்கெட் மாற்றுவதை ஒரு நல்ல மெக்கானிக் அரை நாளில் முடித்துவிடுவார். 450-இல் வால்வு, டைமிங் செயின் என்று வேலையும் செலவும் வளரும்.

இப்போது பேட்டரி பைக்குகள் இந்தக் களத்துக்குள் வருகின்றன. ஸ்பெயினைச் சேர்ந்த ஸ்டார்க் ஃப்யூச்சர் நிறுவனத்தின் வார்க் முதலில் மோட்டோகிராஸுக்கு வந்தது. பிறகு அதன் எண்டுரோ வடிவமும் வந்தது. மின் மோட்டாருக்கு கியர் இல்லை, அணைந்துபோகும் பேச்சே இல்லை. சக்தி எப்படி வர வேண்டும் என்பதை ஓட்டுநரே அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே மோட்டார் 450-ஐப் போலப் பாயவும் 300-ஐப் போல நகரவும் முடியும் என்றால், இரண்டுக்கும் நடுவே எஞ்சின் போட்ட கோடு அழிகிறது. அழியாமல் நிற்பது நேரம். 30 நிமிட மோட்டோகிராஸ் ரேஸுக்கு ஒரு பேட்டரி போதும். நான்கு மணி நேர எர்ட்ஸ்பெர்க்கில் 300-க்குப் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்பலாம். பேட்டரியை அப்படி நிரப்ப முடியாது. பெரிதாக வைத்தாலோ, கூடும் ஒவ்வொரு கிலோவையும் அந்தப் பாறைகளின் மேல் ஓட்டுநர்தான் கையால் இழுக்க வேண்டும்.